மெனோபாஸும் ஈஸ்ட்ரோஜனும்: 2002-இன் பயம் இன்று எவ்வளவு செல்லும்?

மாதவிடாய் நின்றுபோகும் மெனோபாஸ் காலத் தொந்தரவுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், "ஐயோ, கேன்சர் வரும்" என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் பதில். இந்தப் பயம் 2002 ஜூலையில் உலகம் முழுக்கப் பரவியது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் நடந்த 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பெரிய ஆய்வின் ஒரு பிரிவை அந்த மாதம் பாதியிலேயே நிறுத்தினார்கள். செய்தி வந்த வேகத்தில் லட்சக்கணக்கான பெண்கள் மாத்திரையைக் கைவிட்டார்கள். புதிதாக எழுதிக்கொடுக்க மருத்துவர்களுக்கும் கை வரவில்லை. அந்த ஆய்வு பொய் சொல்லவில்லை. ஆனால் அது எந்த மருந்தை, எந்த வயதுப் பெண்களுக்கு, எதற்காகக் கொடுத்தது என்ற விவரங்கள் தலைப்புச் செய்தியில் உதிர்ந்துபோயின. "பாதுகாப்பானதா?" என்ற கேள்விக்குப் பதில் முழுக்க அந்த விவரங்களில்தான் இருக்கிறது.

அந்தப் பிரிவில் சேர்ந்தவர்கள் கருப்பை அகற்றப்படாத 16,608 பெண்கள். வயது 50 முதல் 79 வரை, சராசரி 63. மெனோபாஸ் முடிந்து பத்து வருடத்துக்கு மேல் ஆனவர்களே அதிகம். ஹாட் ஃப்ளாஷ் என்கிற திடீர்ச் சூடும் வியர்வையும் தாங்காமல் சிகிச்சை தேடி வந்தவர்கள் அல்ல. மாரடைப்பைத் தடுக்க இந்த மருந்து உதவுமா என்று பார்ப்பதே ஆய்வின் நோக்கம். கொடுத்தது ஒரே மருந்து, ஒரே அளவு: சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கும் ஈஸ்ட்ரோஜன் கலவை 0.625 மில்லிகிராம், அதோடு மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற செயற்கைப் புரோஜெஸ்டோஜன் (உடலின் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் போல வேலை செய்யும் மருந்து) 2.5 மில்லிகிராம், தினமும் வாய்வழியாக.

"மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியது" என்று நாளிதழ்கள் எழுதின. மருந்து எடுக்காத 10,000 பெண்களில் வருடத்துக்கு 30 பேருக்கு மார்பகப் புற்று வந்தது. எடுத்தவர்களில் 38 பேருக்கு. கூடுதல் 8 பேர். இரண்டுமே உண்மைதான், ஆனால் ஒரு பெண் தன் முடிவை எடுக்க உதவுவது இந்த இரண்டாவது கணக்கு. அதே 10,000 பேர், அதே ஒரு வருடக் கணக்கில் பக்கவாதம் 8, நுரையீரல் ரத்தக்கட்டி 8, மாரடைப்பு உள்ளிட்ட இதய நிகழ்வுகள் 7 கூடின. பெருங்குடல் புற்று 6-உம் இடுப்பு எலும்பு முறிவு 5-உம் குறைந்தன. மாரடைப்பைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுத்த மருந்து அதைச் செய்யவில்லை என்றால், நிறுத்தியதில் நியாயம் உண்டு. 51 வயதில் இரவில் நான்கு முறை நனைந்து எழுந்திருக்கும் பெண்ணுக்கும் இந்தக் கணக்கை அப்படியே ஒட்டியதுதான் பிசகு.

இதே ஆய்வின் இன்னொரு பிரிவு அவ்வளவாகச் செய்தியாகவில்லை. கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தார்கள். பக்கவாதம் கூடியதால் 2004-இல் அதுவும் நிறுத்தப்பட்டது. ஆனால் அங்கே மார்பகப் புற்று கூடவில்லை; சற்றுக் குறைந்தே இருந்தது. இருபது வருடம் தொடர்ந்து பார்த்தபோது அந்தக் குறைவு நிலைத்தது, மார்பகப் புற்றால் இறந்தவர்களும் குறைவு. அதாவது கூடுதல் ஆபத்தின் பெரும்பங்கு கூடவே சேர்த்த புரோஜெஸ்டோஜனின் கணக்கில் வருகிறது.

இதற்கு எதிர்ச்சாட்சியும் உண்டு. உலகெங்கும் நடந்த 58 ஆய்வுகளைத் திரட்டி 2019-இல் லான்செட் இதழில் வந்த கணக்குப்படி, 50 வயதில் தொடங்கி ஐந்து வருடம் எடுத்தால், 50-69 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு நூற்றுக்கு 6.3 என்பதிலிருந்து இப்படி உயர்கிறது: தினமும் இரண்டு ஹார்மோனும் சேர்ந்தால் 8.3, புரோஜெஸ்டோஜனை மாதத்தில் சில நாள் மட்டும் சேர்த்தால் 7.7, ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் 6.8. கடைசி எண் முந்தைய ஆய்வோடு ஒத்துப்போகவில்லை. ஒன்று குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்த ஆய்வு, மற்றது மருந்து எடுத்தவர்களைப் பின்னாலிருந்து கவனித்த ஆய்வுகளின் தொகுப்பு. தொடங்கிய வயதும் வேறு. இரண்டும் ஒரே குரலில் சொல்வது இதுதான்: ஈஸ்ட்ரோஜன் தனியாகச் செய்வது சிறிது, புரோஜெஸ்டோஜன் சேர்ந்தால் அதிகம், வருடம் நீள நீள இன்னும் அதிகம். பிரெஞ்சுப் பெண்களைத் தொடர்ந்த பெரிய ஆய்வொன்றில், இயற்கைப் புரோஜெஸ்டிரோனை நுண்துகளாக்கிய மருந்து எடுத்தவர்களிடம் முதல் சில வருடங்களில் இந்த ஏற்றம் தென்படவில்லை. இன்று பல மருத்துவர்கள் செயற்கை வகையை விட்டு அதை எழுதுவது இதனால்தான். ஆனால் அதற்குக் குலுக்கல் முறைச் சான்று கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கருப்பை இருந்தால் தனி விதி

அப்படியானால் புரோஜெஸ்டோஜனையே விட்டுவிடலாமே என்று தோன்றும். கருப்பை இருக்கும் பெண்ணுக்கு அது முடியாது. இந்தச் சிகிச்சையில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறே அதுதான். ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உள்வரியை வளர்க்கிறது. வளர்ச்சியை நிறுத்திப் பக்குவப்படுத்துவது புரோஜெஸ்டிரோன். அது இல்லாமல் வளர்ந்துகொண்டே போனால் உள்வரி தடித்து, பிறகு புற்றாகலாம். 1975-லேயே இது தெரிந்துவிட்டது. 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஈஸ்ட்ரோஜன் மட்டும் மூன்று வருடம் எடுத்த பெண்களில் மூன்றில் ஒருவருக்குக் கவலைக்குரிய உள்வரித் தடிப்பு வந்தது. பத்தாயிரத்தில் எட்டு என்ற பேச்சுக்கு நடுவே இந்த எண்ணை நிறுத்திப் பார்த்தால் எது பெரிய ஆபத்து என்று புரியும்.

நடைமுறையில் இரண்டு முறைகள். மாதவிடாய் இன்னும் அவ்வப்போது வந்துகொண்டிருந்தால், அல்லது நின்று ஒரு வருடம் ஆகாவிட்டால், ஈஸ்ட்ரோஜன் தினமும். நுண்துகள் புரோஜெஸ்டிரோன் 200 மில்லிகிராம் மாதத்தில் 12 முதல் 14 இரவுகள். அந்தச் சுற்று முடிந்ததும் மாதவிடாய் போல ரத்தம் போகும், அது எதிர்பார்த்ததே. நின்று ஒரு வருடம் ஆனவர்களுக்கு 100 மில்லிகிராம் தினமும் இரவில், ரத்தப்போக்கு இல்லாமல். டைட்ரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு புரோஜெஸ்டோஜன் என்றால் சுழற்சி முறைக்கு 10 மில்லிகிராம் 14 நாள். 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற செயற்கைப் புரோஜெஸ்டோஜன் உள்ள கருப்பைச் சாதனமும் உள்வரியைக் காக்கும், ஆனால் இந்த வேலைக்கு ஐந்து வருடத்தில் மாற்றியாக வேண்டும். கருத்தடைக்கு அது இன்னும் அதிக வருடம் செல்லும் என்பதால் மாற்றும் தேதியை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

தவறு நேரும் இடங்கள் கிட்டத்தட்ட எப்போதும் இவைதான். நுண்துகள் புரோஜெஸ்டிரோன் தூக்கத்தைக் கொண்டுவரும். காலையில் எடுத்தவர் நாள் முழுக்கத் தலைசுற்றி, "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று அதை மட்டும் நிறுத்திவிட்டு ஈஸ்ட்ரோஜனைத் தொடர்வார். சூடு அடங்கவில்லை என்று தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லைத் தானாகவே இரண்டு மடங்காக்கிக்கொண்டு, புரோஜெஸ்டிரோனைப் பழைய அளவிலேயே வைப்பார். கடையில் வாங்கிய புரோஜெஸ்டிரோன் க்ரீமைத் தோலில் தேய்த்து அதுவே போதும் என்று நம்புவார்; தோல் வழியாகப் போகும் அந்த அளவு உள்வரியைக் காக்காது. கருப்பை வாயை விட்டு மேல்பகுதியை மட்டும் எடுத்த அறுவைச் சிகிச்சையில் உள்வரி கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம், எண்டோமெட்ரியோசிஸ் (உள்வரி போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) இருந்தவர்களுக்கு அந்தத் திசு வேறு இடங்களில் இருக்கலாம். இவர்கள் "கருப்பைதான் எடுத்தாச்சே" என்று சொன்னாலும் அறுவைச் சிகிச்சைக் குறிப்பைப் பார்க்காமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுக்கக் கூடாது.

மாத்திரையா, தோல் வழியா

விழுங்கிய ஈஸ்ட்ரோஜன் உடலுக்குள் பரவும் முன் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே அதன் செறிவு மிக அதிகம். கல்லீரல் அதற்குப் பதிலாக ரத்தம் உறையவைக்கும் புரதங்களைக் கூடுதலாகச் சுரக்கும், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறும், பித்தப்பைக் கல் வாய்ப்பும் கூடும். தோலில் ஒட்டும் பேட்ச்சோ தடவும் ஜெல்லோ நேரே ரத்தத்தில் கலப்பதால் இந்தக் கல்லீரல் விளைவு இல்லை.

இந்த வித்தியாசம் நோயாளிகளிடமும் தெரிகிறது. பிரான்சில் நடந்த எஸ்தர் ஆய்வில் வாய்வழி ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களிடம் ரத்தநாள உறைவு சுமார் நான்கு மடங்கு. தோல்வழி எடுத்தவர்களிடம் ஏற்றமே இல்லை. பிரிட்டிஷ் மருத்துவப் பதிவேடுகளைக் கொண்டு 2019-இல் வந்த ஆய்வு வாய்வழிக்கு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் என்றும், தோல்வழிக்கு ஏற்றமில்லை என்றும் கண்டது. 50 மைக்ரோகிராமும் அதற்குக் குறைவுமான பேட்ச்சில் பக்கவாதமும் கூடவில்லை. இவை கவனிப்பு ஆய்வுகள்தான், ஆனாலும் எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. உடல் பருமன், புகைப்பழக்கம், உயர் ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, அதிக டிரைகிளிசரைடு, பித்தப்பைக் கோளாறு இவற்றில் ஏதாவது இருப்பவருக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுப்பதானால் தோல்வழிதான் சரி. இவை எதுவும் இல்லாதவருக்கும் அதையே முதலில் யோசிக்கலாம் என்பது எங்கள் கருத்து.

தொடக்க அளவு: பேட்ச் என்றால் நாளுக்கு 25 முதல் 50 மைக்ரோகிராம் வெளியிடுவது, வகையைப் பொறுத்து வாரம் ஒருமுறையோ இருமுறையோ மாற்ற வேண்டும். எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகையை வாய்வழி எடுத்தால் 0.5 முதல் 1 மில்லிகிராம். பேட்ச்சை அடிவயிற்றிலோ பிட்டத்திலோ ஒட்டலாம். மார்பில் கூடாது, இடுப்புப் பட்டை உரசும் இடத்திலும் வேண்டாம். எண்ணெயோ லோஷனோ தடவிய தோலில் அது ஒட்டாது. ஒட்டியதும் உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். அடுத்த பேட்ச் வேறு இடத்தில். வாரத்தின் கடைசி நாளில் மட்டும் சூடு திரும்பினால் மருந்து போதவில்லை என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்; ஓரம் கிளம்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜெல் தடவியபின் ஐந்து நிமிடம் உலரவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு மணி நேரமாவது அந்த இடத்தில் குழந்தைகளோ மற்றவரோ தொடாமலும் தண்ணீர் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் ஆல்கஹால் இருப்பதால் உலரும்வரை அடுப்பருகே போகக் கூடாது.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு துணைக்குறிப்பு. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் தைராய்டு ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கூட்டுவதால், லெவோதைராக்ஸின் பழைய அளவு போதாமல் போகலாம். தொடங்கி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். வலிப்புக்கு லமோட்ரிஜின் எடுப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் அந்த மருந்தின் அளவை இறக்கலாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் போன்றவை ஈஸ்ட்ரோஜனையே சீக்கிரம் சிதைத்துவிடும்.

எப்போது தொடங்குகிறோம்

விமன்ஸ் ஹெல்த் தரவை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது இதய விஷயத்தில் படம் மாறியது. மெனோபாஸ் ஆகிப் பத்து வருடத்துக்குள் தொடங்கியவர்களிடம் இதய நிகழ்வுகள் கூடவில்லை. இருபது வருடம் கழித்துத் தொடங்கியவர்களிடமே கூடின. எலைட் என்ற ஆய்வு 2016-இல் இதையே வேறு வழியில் காட்டியது: மெனோபாஸ் ஆகி ஆறு வருடத்துக்குள் எஸ்ட்ரடையால் தொடங்கியவர்களின் கழுத்துத் தமனிச் சுவர் தடிப்பது மெதுவானது, பத்து வருடம் கழித்துத் தொடங்கியவர்களிடம் எந்தப் பலனும் இல்லை. கொழுப்புப் படிவு இல்லாத தமனியில் ஈஸ்ட்ரோஜன் நல்லது செய்யலாம், ஏற்கெனவே படிந்துவிட்ட தமனியில் அதைக் கிளறலாம் என்பது விளக்கம். மூளைக்கும் இப்படித்தான்: 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கூட்டு மருந்து கொடுத்ததில் மறதிநோய் சுமார் இரண்டு மடங்கானது. இதை 52 வயதுக்காரருக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. 66 வயதில் புதிதாகத் தொடங்க நினைப்பவருக்கு நேரடியாகவே பொருந்தும்.

60 வயதுக்குள், அல்லது மெனோபாஸ் ஆகிப் பத்து வருடத்துக்குள், தொந்தரவு உள்ளவருக்கு என்ற வரையறை இங்கிருந்து வந்ததுதான். 2003 முதல் இந்த மருந்துகளின் பெட்டிகளில் இருந்த மிகக் கடுமையான 'கறுப்புக் கட்ட' எச்சரிக்கையின் பெரும்பகுதியை நீக்கப்போவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025 நவம்பரில் அறிவித்தது. கருப்பை இருப்பவருக்குத் தனி ஈஸ்ட்ரோஜனால் வரும் உள்வரிப் புற்று பற்றிய கட்டத்தை மட்டும் விட்டுவைத்தது. அறிவிப்பை "இனி எந்த ஆபத்தும் இல்லை" என்று படிப்பவர்கள் 2002-இல் நடந்த அதே பிழையை எதிர்ப்பக்கமாகச் செய்கிறார்கள். இதயத்தைக் காக்கவோ நினைவாற்றலுக்காகவோ, தொந்தரவே இல்லாத பெண் இதைத் தொடங்க இன்றும் போதுமான சான்று இல்லை.

நாற்பதுக்கு முன்பே சூலகம் ஓய்ந்துவிட்டவர்களும், இளவயதில் இரண்டு சூலகமும் எடுக்கப்பட்டவர்களும் வேறு கணக்கு. அவர்களுக்கு உடலில் இருந்திருக்க வேண்டிய ஹார்மோனைத்தான் திருப்பிக் கொடுக்கிறோம். கொடுக்காவிட்டால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். வேறு தடை இல்லையென்றால் சுமார் 51 வயது வரை தொடர்வதே முறை. மேலே சொன்ன ஆபத்து எண்கள் எதுவும் இவர்களுக்காகக் கணக்கிடப்பட்டவை அல்ல.

பிறப்புறுப்பில் வைக்கும் ஈஸ்ட்ரோஜன்

வறட்சி, எரிச்சல், உறவின்போது வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று இவை மட்டும் இருந்தால் முழு உடம்புக்கும் மருந்து தேவையில்லை. 10 மைக்ரோகிராம் எஸ்ட்ரடையால் மாத்திரையைப் பிறப்புறுப்பில் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை வைக்க வேண்டும். முதல் வருடத்தில் மொத்தம் 114 மாத்திரை, கூட்டினால் 1.14 மில்லிகிராம். வாய்வழி எடுக்கும் 1 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைவிடச் சற்றே அதிகம், அதுவும் ஒரு வருடம் முழுக்க. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் மெனோபாஸ் நிலையிலேயே நிற்கும், புரோஜெஸ்டிரோனும் தேவையில்லை. ஆனாலும் பெட்டிக்குள் பக்கவாதம், ரத்தக்கட்டி, மறதிநோய் என்று அதே எச்சரிக்கைத் தாளைப் பல வருடம் மடித்து வைத்தார்கள். அதைப் படித்துவிட்டு மருந்தைப் பிரிக்காமலே வைத்துவிட்ட பெண்கள் ஏராளம். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், நிறுத்தினால் வறட்சி திரும்பும். உடலில் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் அரோமடேஸ் தடுப்பு மருந்தை மார்பகப் புற்றுக்கு எடுப்பவர்கள் மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

யாருக்குக் கூடாது, எதைக் கவனிக்க வேண்டும்

மார்பகப் புற்று வந்தவர், காரணம் கண்டுபிடிக்காத ரத்தப்போக்கு உள்ளவர், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், ரத்தக்கட்டி இப்போது இருப்பவர் அல்லது முன்பு வந்தவர், கல்லீரல் நோய் தீவிரமாக உள்ளவர்: முழு உடம்புக்கான ஈஸ்ட்ரோஜன் இவர்களுக்கு வேண்டாம். குடும்பத்தில் ஒருவருக்கு மார்பகப் புற்று வந்தது என்பது மட்டும் தடை அல்ல, தனியாகக் கணிக்க வேண்டிய விஷயம்.

தொடங்குமுன் ரத்த அழுத்தம், வயதுக்குரிய மேமோகிராம், ரத்தப்போக்கு வரலாறு இவை போதும். 45 வயதுக்கு மேல் அறிகுறி தெளிவாக இருந்தால் ஹார்மோன் ரத்தப் பரிசோதனை தேவையில்லை. எச்சில் பரிசோதனை செய்து உங்களுக்கென்றே மருந்து கலந்து தருகிறோம் என்பவர்களிடம் போகவே வேண்டாம், அந்தக் கலவையில் என்ன அளவு இருக்கிறது என்று யாரும் சோதிப்பதில்லை. இந்தச் சிகிச்சை கருத்தடை ஆகாது. கடைசி மாதவிடாய் 50 வயதுக்கு முன் என்றால் இரண்டு வருடமும், பின் என்றால் ஒரு வருடமும் வேறு தடுப்பு வேண்டும்.

சூடும் வியர்வையும் இரண்டு மூன்று வாரத்தில் தணியத் தொடங்கும். தினசரி எண்ணிக்கை சராசரியாக முக்கால் பங்கு குறையும். மூன்று மாதத்தில் மருத்துவரைப் பார்த்து அளவைச் சரிசெய்ய வேண்டும். மார்பு கனப்பது, வயிறு உப்புவது முதல் சில வாரத்துக்குச் சகஜம். முதல் ஆறு மாதத்தில் ரத்தம் துளித்துளியாகப் படுவதும் அப்படியே. ஆறு மாதத்துக்குப் பிறகும் தொடர்ந்தால், அல்லது முழுக்க நின்று பின் மறுபடி வந்தால், "ஹார்மோன் மாத்திரையால்தான்" என்று விடக் கூடாது. ஸ்கேனில் உள்வரியின் தடிப்பைப் பார்த்து, தேவைப்பட்டால் பயாப்சி. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, முகமோ கையோ ஒரு பக்கம் செயலிழப்பது, பார்வை மங்குவது: மருந்தை நிறுத்திவிட்டு அன்றே, அந்த மணி நேரமே மருத்துவமனைக்கு.

ஈஸ்ட்ரோஜன் கூடாதவர்களுக்கு வென்லாஃபாக்ஸின், கபாபென்டின் போன்ற ஹார்மோன் அல்லாத மருந்துகள் ஓரளவு கைகொடுக்கும். மார்பகப் புற்றுக்கான டமாக்ஸிஃபென் எடுப்பவர் பராக்ஸிடின் என்ற மனச்சோர்வு மருந்தைத் தவிர்க்க வேண்டும், அது டமாக்ஸிஃபெனின் வேலையைக் கெடுக்கும். 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெசோலினடன்ட் 45 மில்லிகிராம், மூளையில் சூட்டைத் தூண்டும் நரம்புகளையே அடக்குகிறது. ஹார்மோன் இல்லை, ஆனால் கல்லீரலைப் பாதிக்கலாம் என்பதால் தொடக்க மாதங்களில் ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

எத்தனை வருடம் என்பதற்கு ஒரே எண் கிடையாது. சூடு கிளம்புவது சராசரியாக ஏழு வருடம் நீடிக்கும் என்பதால் "இரண்டு வருடத்தோடு நிறுத்து" என்ற பழைய பேச்சு பலருக்கு ஒத்துவராது. வருடம் ஒருமுறை உட்கார்ந்து, குறைந்த அளவில் சமாளிக்க முடிகிறதா என்று பார்க்கலாம். படிப்படியாக இறக்கினால் முதல் சில வாரம் சுலபமாக இருக்கும். ஒரே நாளில் நிறுத்தினாலும் நீண்டகாலப் பலன் ஒன்றுதான். எலும்புக்காகவும் எடுத்துவந்தவர், நிறுத்திய சில வருடத்திலேயே அந்தப் பாதுகாப்பு கரைந்துவிடும் என்பதால், நிறுத்தும் முன் எலும்பு அடர்த்தியைச் சோதித்து அடுத்து என்ன மருந்து என்று முடிவுசெய்துகொள்ள வேண்டும்.